மாஸியா, மகிந்திராவா: அப்பாவுக்கும் மச்சானுக்கும் நடுவே ஒரு டிராக்டர்

கேள்வி: வணக்கம் அண்ணா. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர் தோட்டம். இரண்டரை ஏக்கர் தென்னை, மீதியில் மஞ்சளும் மாட்டுச் சோளமும். ஆறு மாடுகள். உழவுக்கு வாடகை வண்டிதான். ஆண்டுக்கு 35,000 ரூபாய் ஆகிறது. மழை பெய்து பதம் வந்த நாளில் வண்டி கிடைப்பதில்லை. அதனால் பழைய டிராக்டர் ஒன்று வாங்க முடிவு செய்து இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 1998-ஆம் ஆண்டு மாஸி பெர்குசன் 1035. ஒரே உரிமையாளர், பக்கத்து ஊர்க்காரர், வாய்க்கால் பாசன நெல் வயலில் சேற்றுழவு ஓட்டியது. விலை 1,90,000. கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்தால் மெல்ல இறங்கிவிடுகிறது. இன்னொன்று 2008-ஆம் ஆண்டு மகிந்திரா 265. செங்கல் சூளையில் டிரெய்லர் இழுத்தது, இப்போது பெயிண்ட் அடித்துப் புதிதுபோல இருக்கிறது. விலை 2,60,000. விற்பவர் மூன்றாவது கை, ஆர்.சி. இன்னும் முதல் உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. அப்பா மாஸி என்கிறார், மச்சான் மகிந்திரா என்கிறார். ஐந்தடி ரொட்டவேட்டரும் சேர்த்து என்னிடம் இருப்பது 3 லட்சம். நண்பர் ஒருவர் எச்.எம்.டி. 2511 ஒன்று லட்ச ரூபாய்க்குள் கிடைக்கும் என்கிறார். எதை வாங்கட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, முதலில் எச்.எம்.டி.யை ஒதுக்கிவிடுவோம். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் நிறுவனக் கூட்டில் பிஞ்சோரில் செய்த வண்டி அது. கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த டிராக்டர் பிரிவை மூடுவதற்கு 2016-லேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. பஞ்சாப், ஹரியானா பக்கம் அதன் உதிரிபாகம் இன்னும் புழங்கலாம். கோபியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பல்சக்கரத்துக்காக லாரி பார்சலை எதிர்பார்த்துக் காத்திருக்க உங்களுக்கு என்ன தலையெழுத்து?

மற்ற இரண்டும் நாலரை ஏக்கருக்குத் தாராளம். மாஸி 1035 ஏறக்குறைய 35 குதிரைத்திறன், மகிந்திரா 265 முப்பது. இரண்டிலும் மூன்று சிலிண்டர், எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தென்னைக்கு நடுவே களை உழவும், மஞ்சளுக்கு நிலத்தைப் பண்படுத்தவும், சாணம் இழுக்கவும் இன்ஜின் பாதிச் சுமைக்கு மேல் போகாது. எனவே எது பலமான வண்டி என்று அப்பாவும் மச்சானும் எவ்வளவு நேரம் வாதாடினாலும் உங்கள் தோட்டத்துக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. உதிரிபாகத்திலும் வித்தியாசம் பெரிதாக இல்லை. மாஸியைச் செய்யும் டாஃபே சென்னைக் கம்பெனி, அதற்கு இன்ஜின் கொடுத்த சிம்சனும் சென்னைதான். மகிந்திராவுக்கு ஈரோடு மாவட்டத்தில் பாகம் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பார்க்க வேண்டியது வேறு. ஒரு வண்டி பத்திருபது வருடம் ஒரே வகையான வேலை செய்தால், அந்த வேலைக்குரிய இடங்களில்தான் தேயும். சேற்றில் ஓடியது ஒரு மாதிரித் தேய்ந்திருக்கும், சாலையில் சுமை இழுத்தது இன்னொரு மாதிரி. அந்தத் தேய்மானம் உங்கள் வேலைக்குக் குறுக்கே வருமா என்று பாருங்கள். உங்களுக்கு அன்றாடம் தேவை கருவியைத் தூக்கும் லிப்ட், ரொட்டவேட்டர் போன்றவற்றைச் சுழற்றும் பின்தண்டான பி.டி.ஓ., கீழ் கியர்கள். டாப் கியரில் நாற்பது கிலோமீட்டர் தூரம் போகும் வேலை உங்களுக்கு இல்லை.

இந்தக் கண்ணோடு மாஸியைப் பார்த்தால், நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. தூக்கி நிறுத்திய கலப்பை இறங்குகிறது. இந்த வண்டியில் கியர், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். லிப்டுக்கு விசை கொடுக்கும் ஹைட்ராலிக் பம்ப், வண்டியின் பின்பக்க உறையான பின்கூட்டுக்குள் அந்த எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கிறது, பி.டி.ஓ. தண்டு அதைச் சுழற்றுகிறது. சேற்றுழவில் அச்சளவு தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்கும் வண்டியில், ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீர் பம்பைத் தின்னும், வால்வைத் தின்னும், பேரிங்குகளுக்குத் துரு ஏற்றும்.

அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. வண்டியை முதல் நாள் மாலையிலிருந்து ஓட்டாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். விடிந்ததும், யாரும் செல்ஃப் அடிப்பதற்கு முன்னால், பின்கூட்டின் அடியில் இருக்கும் வடிகால் திருகை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், இரவெல்லாம் அது கீழே இறங்கித் தேங்கியிருக்கும். முதலில் வருவது தெளிந்த தண்ணீர் என்றால் சேதி தெரிந்துவிட்டது. எண்ணெய் வந்தால் அதை விரலில் எடுத்து வெயிலில் பாருங்கள். பால் விட்ட டீயின் நிறத்தில் இருந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து நாளாகிவிட்டது. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கும்போது நறநறவென்று உலோகத் துகள் தட்டுப்பட்டால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். எண்ணெய் சுத்தமாக இருந்து லிப்ட் மட்டும் இறங்குகிறது என்றால் பயப்படாதீர்கள். லிப்ட் சிலிண்டரின் பிஸ்டன் ரிங், ரப்பர் சீல், கன்ட்ரோல் வால்வு இவற்றில் ஒன்றாக இருக்கும். மேல்மூடியைத் திறந்து செய்யும் வேலை, பாகமும் கூலியும் சேர்த்து இருபதாயிரத்துக்குள் அடங்கும்.

லிப்டைச் சோதிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், கசிவைக் காட்டாது. ஒரு மணி நேரம் உழுதுவிட்டு, எண்ணெய் சூடேறிய பிறகு, ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கால் மணி நேரத்தில் ஒரு சாண் இறங்கினால் இந்த வயது வண்டிக்கு மன்னிக்கலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் தரையைத் தொட்டால் மேற்சொன்ன வேலையைக் கட்டாயம் செய்ய வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். இன்னொன்று, இந்த மாடலில் பி.டி.ஓ. நெம்புகோல் நியூட்ரலில் கிடந்தால் லிப்ட் ஏறவே ஏறாது. அது பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி. இது தெரியாமல் நல்ல வண்டியைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் உண்டு.

கிளட்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தென்னந்தோப்பில் இது முக்கியம். பழைய 1035-களில் பெரும்பாலும் ஒற்றைக் கிளட்ச். மிதித்தால் வண்டியும் நிற்கும், ரொட்டவேட்டரும் நிற்கும், பம்ப் நின்றுவிடுவதால் லிப்டும் நிற்கும். 25 அடி இடைவெளித் தோப்பில் வரிசைக்கு வரிசை திருப்ப வேண்டும். திருப்பத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டே ரொட்டவேட்டரைத் தூக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. முதலில் தூக்கு, பிறகு மிதி என்று கை கால்களைப் பழக்க வேண்டும். வாடகை வண்டி ஓட்டுநர் புது வண்டியில் செய்வதைப் பார்த்து அப்படியே செய்ய முயன்றால் முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். இரட்டைக் கிளட்ச் இருக்கிறதா என்று அறிய, பி.டி.ஓ.வை ஓடவிட்டு, கியரில் போய்க்கொண்டே பெடலைப் பாதி மிதியுங்கள். சக்கரம் நின்று பி.டி.ஓ. தண்டு சுழன்றுகொண்டிருந்தால் இரட்டைக் கிளட்ச். மகிந்திராவிலும் இதையே செய்து பாருங்கள், அதிலும் இரண்டு வகை உண்டு.

சேற்று வண்டியில் முன்சக்கரங்களையும் விடக்கூடாது. முன்அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் ஹப் பேரிங்கோ கிங்பின் புஷ்ஷோ போயிருக்கும். பெரிய செலவில்லை, பேரத்துக்கு உதவும். ஸ்டியரிங் சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பியும் முன்சக்கரம் அசையவில்லை என்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

இப்போது மச்சானின் மகிந்திரா.

டிரெய்லர் வண்டியின் ஜாதகத்தை அதன் பின்டயரிலேயே படிக்கலாம். வயலில் ஓடிய டயரின் கட்டைகள் ஓரத்தில் மழுங்கியிருக்கும். தார் ரோட்டில் சுமை இழுத்த டயரில் நடுப்பகுதி மொழுக்கென்று ஆகிவிடும். பின்னால் குனிந்து டிரெய்லர் மாட்டும் கொக்கியின் துளையைப் பாருங்கள். வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகியிருந்தால், எத்தனை லட்சம் செங்கல் இந்த வழியாகப் போயிருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். ஹவர் மீட்டரை நம்பாதீர்கள். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நம் ஊரில் வழக்கம். கிளட்ச், பிரேக் பெடல்களின் ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது பொய் சொல்லாது, அதுவும் அவற்றின் மேல் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்தால். பெயிண்ட் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு: ரப்பர் குழாய், ஒயர், நட்டு எல்லாவற்றின் மேலும் ஒரே சிவப்பாகப் பீய்ச்சி அடித்திருந்தால், அடித்தவர் வண்டியை மதிக்கவில்லை, உங்களையும் மதிக்கவில்லை.

சுமை வண்டியில் தேய்ந்திருப்பது கிளட்ச் பிளேட், பிரேக், மேல் கியர்கள், பின்அச்சைச் சுழற்றும் கிரௌன் பல்சக்கரம். டாப் கியரில் வேகமாக ஓட்டிச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விடுங்கள். கியர் தானாக வெளியே குதித்தாலோ, பின்கூட்டிலிருந்து ஊளையிடுவது போலச் சத்தம் வந்தாலோ, உள்ளே வேலை இருக்கிறது. கிளட்ச் மாற்ற வண்டியையே இரண்டாகப் பிளக்க வேண்டும், பத்துப் பதினைந்தாயிரம் ஆகும். அதே சமயம் இந்த வண்டிக்காக மச்சான் சொல்ல மறந்த ஒரு நல்ல வார்த்தையை நான் சொல்கிறேன். சூளையில் லிப்டுக்கும் பி.டி.ஓ.வுக்கும் வேலையே கிடையாது. கீழ் கியர்களும் அதிகம் தேய்ந்திருக்காது. உங்களுக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இதில் ஓய்வாக இருந்திருக்கின்றன. தேய்ந்தவை உங்களுக்கு அதிகம் வேண்டாதவை.

இன்ஜினில் மட்டும் சூளைக்கு ஒரு தனிக் கெடுதல் உண்டு, அது தூசி. இந்த வண்டிகளின் காற்று வடிகட்டி எண்ணெய்க் குளியல் வகை. கீழ்க்கிண்ணத்து எண்ணெயை ஒழுங்காக மாற்றாவிட்டால் செம்மண் தூசி நேராக சிலிண்டருக்குள் போய் அதன் உட்சுவரான லைனரை அறுக்கும். அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய்க்குப் பதில் சேறு உறைந்திருந்தால் இன்ஜினின் கதி பாதி தெரிந்துவிடும். மீதியைச் சூடேறிய இன்ஜின் சொல்லும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி அடித்தாலோ, சுமையில் நீலப் புகை தொடர்ந்து வந்தாலோ ரிங்கும் லைனரும் போய்விட்டன. மாஸிக்கும் இதே சோதனைதான். இரண்டையும் குளிர்ந்த நிலையில் நீங்களே செல்ஃப் அடித்துப் பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

இரும்பு இப்படியென்றால், மகிந்திராவின் உண்மையான சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. ஆர்.சி. முதல் ஆள் பெயரில் இருக்க, மூன்றாம் ஆள் உங்களுக்கு விற்கிறார். நடுவில் இருந்தவர்கள் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டியிருக்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்களில் பதிவு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். அவர் எங்கே? உயிரோடு இருக்கிறாரா? இறந்திருந்தால் வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளின் சம்மதம் என்று அது தனிக் கதையாகிவிடும். வங்கிக் கடன் குறிப்பு ஆர்.சி.யில் இருந்தால் வங்கியின் தடையில்லாக் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் வேண்டும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எதுவரை செல்லும், காப்பீடு உண்டா, கடன் குறிப்பு உண்டா என்பது தெரியும். இன்றிரவே பாருங்கள்.

முதல் உரிமையாளரைக் கண்டுபிடித்துவிட்டால் அவரை இணங்க வைப்பது கடினமில்லை. வண்டியால் விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு கேட்கும் வழக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மேல்தான் வரும், வண்டி யார் கையில் இருந்தாலும் சரி. 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால், பெயர் மாற்றத்தில் உங்களைவிட அவருக்கு அவசரம் வந்துவிடும்.

மாஸியிலும் காகிதத்தைப் பார்க்க வேண்டும். டிராக்டரின் பதிவு முதலில் 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 1998 வண்டி என்றால் 2013, 2018, 2023 என்று மூன்று முறை புதுப்பித்திருக்க வேண்டும். "காட்டுக்குள்ளேதானே ஓடுகிறது" என்று விட்டிருப்பார்கள், அது சகஜம். விட்டிருந்தால் அபராதமும் புதுப்பிப்புக் கட்டணமும் அவர் கட்டி, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டி, பிறகு கொடுக்கட்டும். பக்கத்து ஊர்க்காரர், ஒரே உரிமையாளர் என்பதன் உண்மையான மதிப்பு இங்கேதான். கையெழுத்துப் போட வேண்டிய ஆள் சைக்கிள் தூரத்தில் இருக்கிறார்.

ரொட்டவேட்டர் விஷயத்தில் உங்கள் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஐந்தடி என்பது 35 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வண்டிக்கு. மாஸியில் இழுக்கும், ஆனால் இந்த வயதில் அதை முக்க வைப்பானேன்? மகிந்திரா 265-க்கு நாலடிதான் பொருந்தும். தோப்பில் அகலமான கருவியால் லாபமும் இல்லை. மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் வேர் அடர்ந்திருக்கும், அங்கே ரொட்டவேட்டர் போகவே கூடாது. இரண்டு வண்டிகளுக்கும் பொதுவாக நாலடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் பழையதாக வாங்க வேண்டாம். உங்கள் நிலம் ஐந்து ஏக்கருக்குக் குறைவு என்பதால் சிறு விவசாயி சான்றிதழை வாங்கிக்கொண்டு கோபி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குப் புதுக் கருவிக்குப் பாதி விலை வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டு. பழைய டிராக்டருக்கு அது கிடையாது. மானியம் வரும்வரை, பதம் தவறும் நாட்களில் அதே துறையின் இ-வாடகைச் செயலியில் வண்டி பதிவு செய்து பாருங்கள். எல்லா நாளும் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் தனியார் வாடகையைவிடக் குறைவு.

என் தீர்ப்பைக் கேட்டால், மாஸி. அப்பா சொல்லும் காரணத்துக்காக அல்ல, அவர் இன்ஜினின் பலத்தைச் சொல்லியிருப்பார். அதன் குறை எது என்பது முன்கூட்டியே தெரிகிறது, அளக்க முடிகிறது, இருபதாயிரத்தில் சரியாகிறது. உரிமையாளரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். 1,90,000-த்தில் லிப்ட் வேலையைக் கழித்து 1,70,000 கேளுங்கள். 1,75,000-க்குள் முடிந்தால் நல்ல பேரம். எண்ணெய் மாற்றவே முப்பது லிட்டர் அளவில் பிடிக்கும், அதற்கும் பணம் எடுத்து வையுங்கள். பின்டயர் இரண்டும் மாற்ற வேண்டி வந்தால் நாற்பதாயிரம் வரை போகும், ஆகவே டயரைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

வடிகால் திருகு கெட்ட சேதி சொன்னால் மட்டும் மகிந்திராவுக்குப் போங்கள். அப்போதும் 2,60,000-க்கு அல்ல. கிளட்சையும் டயரையும் கழித்தால் இரண்டு லட்சத்தை ஒட்டித்தான் அதன் விலை நிற்க வேண்டும், அதுவும் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிய பிறகு. பெயர் மாற்றத்துக்கு முன் ஆயிரம் ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். "பணத்தைக் கொடுங்கள், பேப்பர் பின்னால் வரும்" என்று சொன்னால், அந்தப் பேப்பர் வராது.

எதை வாங்கினாலும் தோட்டத்துக்குக் கொண்டுவரும் முன் இரண்டு பொருள்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, இரண்டு பிரேக் பெடல்களையும் இணைக்கும் கொண்டி. வயல் வண்டியில் பெரும்பாலும் தொலைந்திருக்கும். அது இல்லாமல் சாணம் ஏற்றிய டிரெய்லரோடு ரோட்டில் பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். மற்றது பி.டி.ஓ. தண்டின் மேலுறை. அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது. இரண்டுமே சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். மேலுறை மாட்டாமல் தீவனம் வெட்டும் இயந்திரத்தை அதில் இணைக்காதீர்கள், அப்பா எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.